அயர்லாந்துக் குடிவழி ஆய்வு

அயர்லாந்துக் குடிவழி ஆய்வு என்பது அயர்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தின் முன்னோர்களை ஆவணச் சான்றுகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிக் கண்டறியும் முயற்சி ஆகும். 1922 ஆம் ஆண்டு டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்துபோனதால், இவ்வாய்வு பிற மேற்கு ஐரோப்பிய நாடுகளில் நடைபெறும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. மூல ஆவணம் இல்லாத இடங்களில் அதன் படி, சுருக்கம், பெயர் அட்டவணை அல்லது முற்றிலும் வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பதிவு ஆகியவற்றைக் கொண்டே உறவுமுறையை நிறுவ வேண்டியுள்ளது.

1845 முதல் 1852 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் இறந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். இதனால் அயர்லாந்து முன்னோரைத் தேடுபவர்களுள் பெரும்பான்மையோர் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் வாழ்கின்றனர். கொள்ளுத்தாத்தாவின் பெயரும் "அயர்லாந்தில் பிறந்தவர்" என்ற குறிப்பும் தவிர வேறெதுவும் இவர்களிற் பலரிடம் இருப்பதில்லை.

1922 ஆம் ஆண்டுத் தீ

அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாக்கப்பட்டது. டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற வளாகத்தில் இது அமைந்திருந்தது. 1922 ஏப்ரலில், பிரித்தானியாவுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையை எதிர்த்த படையினர் அவ்வளாகத்தைக் கைப்பற்றினர். சூன் 28 அன்று இடைக்கால அரசின் படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. இதுவே அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கம். சூன் 30 அன்று நிகழ்ந்த பெரும் வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த தீயிலும் ஆவணக் கருவூலக் கட்டடம் அழிந்தது. எரிந்த தாள்கள் நகரெங்கும் பறந்து விழுந்தன. வெடிப்புக்கு யார் பொறுப்பு என்பது பற்றிய வாதம் நெடுங்காலம் தொடர்ந்தது.

19 ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள், நீதிமன்றங்களில் பதிவான உயில்கள், ஆங்கிலிக்கன் பிரிவைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை ஆகியன இத்தீயில் அழிந்தன. காப்பகத்தின் துணைக் காப்பாளராகப் பின்னர் பணியாற்றிய எர்பர்ட் வுட் 1919 ஆம் ஆண்டில் காப்பகத்தில் உள்ளவை பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டிருந்தார். மூன்றே ஆண்டுகளில் அது இல்லாதவற்றின் பட்டியல் ஆகிவிட்டது.

ஆயினும் "அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன" என்று பரவலாகக் கூறப்படுவது சரியன்று. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அக்காப்பகத்துக்கு அனுப்பப்படவே இல்லை. 1864 ஆம் ஆண்டுக்குப் பிந்திய பிறப்பு, இறப்புப் பதிவுகளும், நில மதிப்பீட்டு ஏடுகளும் தப்பின. உயில்கள் அழிந்தாலும், வில்லியம் பெத்தம் என்பவர் 1800 வரையிலான முக்கிய உயில்களிலிருந்து உறவுமுறைக் குறிப்புகளை முன்னரே எடுத்து எழுதி வைத்திருந்தார். பெல்பாசுட்டில் 1923 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகம், வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பெருநிலக்கிழார் இல்லங்களிலும் கிடந்த படிகளைத் திரட்டி இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்தது. தீ நிகழ்ந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்றபோது, 2022 சூனில், டிரினிட்டி கல்லூரி தலைமையிலான குழு அயர்லாந்து மெய்நிகர் ஆவணக் கருவூலத்தை இணையத்தில் திறந்தது. பல நாடுகளின் காப்பகங்களில் உள்ள படிகளைக் கொண்டு அழிந்த கருவூலத்தின் அடுக்குகளை மீண்டும் நிரப்புவது இதன் நோக்கம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள்

அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடைபெற்றது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கின் படிவங்களும் சில சிதறல்கள் தவிர 1922 இல் எரிந்தன. 1841 கணக்கெடுப்பில் கவான் கவுண்டியின் கில்லசாண்ட்ரா பங்கின் படிவங்கள் எஞ்சியுள்ளன. அடுத்த நான்கின் இழப்புக்குத் தீயைக் குறைகூற இயலாது. 1861, 1871 ஆண்டுகளின் படிவங்கள் கணக்கெடுப்பு முடிந்த சிறிது காலத்திலேயே அரசால் அழிக்கப்பட்டன. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க்காலத்தில் கூழாக்கப்பட்டன. அரசு அலுவலகங்களின் கவனக்குறைவு போருக்கு எவ்விதத்திலும் குறைந்த அழிவை ஏற்படுத்தவில்லை.

முழுமையாக எஞ்சியுள்ள முதல் இரு கணக்கெடுப்புகள் 1901, 1911 ஆண்டுகளுக்கு உரியவை. அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாக அளிக்கிறது. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிக் கையொப்பமிட்ட படிவத்தையே காண முடிவது இவற்றின் சிறப்பு. 1911 படிவம் திருமணமான பெண்களிடம் மணவாழ்வின் ஆண்டுகள், உயிருடன் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர்களுள் அப்போது உயிருடன் இருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டது. வேறு எந்த ஏட்டிலும் பெயர் இல்லாத குழந்தைகள் பலர் இவ்விரு எண்களின் வேறுபாட்டில் மட்டுமே அறியப்படுகின்றனர். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்குப் பிறந்த இடமாகக் கவுண்டி அல்லது நகரத்தின் பெயர் மட்டுமே கேட்கப்பட்டது ஒரு குறையாகும். விடுதலைப் போர் காரணமாக 1921 இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 1926 கணக்கெடுப்பு 100 ஆண்டு மறைகாப்பு விதிக்கு உட்பட்டது. அவ்விதியின் கெடு 2026 ஏப்ரலில் முடிவுறுவதாகும்.

அழிந்த கணக்கெடுப்புகளின் ஒரு பகுதி எதிர்பாராத வழியில் காப்பாற்றப்பட்டது. 1908 ஆம் ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டத்தின்படி, 1909 சனவரி முதல் 70 வயது நிறைந்த வறியவர்களுக்கு வாரம் 5 சில்லிங் வரை வழங்கப்பட்டது. ஆனால் விண்ணப்பித்தவர்கள் பிறந்த காலத்தில் அயர்லாந்தில் கட்டாயப் பிறப்புப் பதிவு இல்லை. எனவே அவர்கள் தம் பெற்றோரின் பெயரையும், சிறுவயதில் வாழ்ந்த ஊரையும் எழுதிக் கொடுத்தனர். அலுவலர்கள் 1841, 1851 கணக்கெடுப்புப் படிவங்களில் அக்குடும்பத்தைத் தேடி, கண்டதைத் தேடல் படிவத்தில் குறித்தனர். மூலம் எரிந்தது, தேடல் படிவங்கள் எஞ்சின. பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் ஒரு குடிசையில் யார் யார் இருந்தனர் என்பதற்கு இன்று பல குடும்பங்களுக்கு உள்ள ஒரே சான்று, ஒரு முதியவர் ஐந்து சில்லிங்குக்காகச் செய்த விண்ணப்பமே.

இதே ஓய்வூதியத்தால் வேறொரு குழப்பமும் விளைந்தது. 1901 இல் 58 வயது எனக் குறித்தவர் 1911 இல் 72 வயது எனக் குறிப்பது போன்ற நிகழ்வுகள் மிகப் பரவலானவை. சிலர் ஓய்வூதியத்துக்காக வயதைக் கூட்டினர். பலருக்கோ தம் பிறந்த ஆண்டு உண்மையிலேயே தெரியாது. ஆகவே இக்கணக்கெடுப்புகளில் காணும் வயதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

டவுன்லாந்தும் நில ஏடுகளும்

அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு டவுன்லாந்து எனப்படும். பெயரில் நகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருப்பினும் இதற்கும் நகரத்துக்கும் தொடர்பில்லை. சில வீடுகளும் அவற்றைச் சூழ்ந்த வயல்களும் கொண்ட நிலப்பரப்பே இது. ஆளே இல்லாத டவுன்லாந்துகளும் உண்டு. நாடு முழுவதும் இத்தகையவை 60,000 க்கும் மேற்பட்டு உள்ளன. பல டவுன்லாந்துகள் சேர்ந்தது ஒரு குடிமைப் பங்கு. அதற்கு மேல் பாரனி, கவுண்டி, மாகாணம் என நிலப் பிரிவுகள் அமையும். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் குடிமைப் பங்கின் எல்லையும் பெரும்பாலும் ஒத்துப் போவதில்லை. புதிதாக ஆய்வில் இறங்குவோர் இவ்விடத்தில்தான் அதிகம் இடறுகின்றனர். 1824 இல் தொடங்கிய நில அளவைத் துறைப் பணியின்போதே இப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்கு முந்திய ஏடுகளில் ஒரே இடம் பல வடிவங்களில் எழுதப்பட்டிருக்கும்.

முன்னோரின் டவுன்லாந்து தெரியாமல் ஆய்வு நகர்வது அரிது. ஒரே கவுண்டியில் ஒரே பெயருடைய பலர் ஒரே காலத்தில் வாழ்ந்தனர். அவர்களை வேறுபடுத்துவது இடம் ஒன்றே.

இடத்தைக் கண்டறிய உதவுவனவற்றுள் தலையாயது கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் உள்ளூர் வரி விதிப்புக்காகத் தயாரிக்கப்பட்ட இது, 1847 முதல் 1864 வரை கவுண்டி வாரியாக வெளியானது. ஒவ்வொரு நிலத்தையும் வைத்திருப்பவர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு ஆகியவை இதில் உள்ளன. குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருப்பதால் உறவுமுறை எதையும் இது கூறாது. பின்வந்த ஆண்டுகளின் மாற்றங்கள் திருத்த ஏடுகளில் வண்ண மைகளால் குறிக்கப்பட்டன. ஒரு பெயர் அடிக்கப்பட்டு வேறொரு பெயர் எழுதப்பட்ட ஆண்டு, அக்குடும்பத்தில் ஓர் இறப்போ குடிபெயர்வோ நேர்ந்ததற்கான தடயமாகும். இதற்கு முற்பட்ட காலத்துக்கு, 1823 முதல் 1837 வரை திருச்சபை வரிக்காக எழுதப்பட்ட ஏடுகள் பயன்படுகின்றன. வேளாண் நிலம் வைத்திராத கூலித் தொழிலாளரும் பெரும்பாலான நகரவாசிகளும் இவற்றில் இடம்பெறவில்லை.

திருச்சபைப் பதிவேடுகளும் குடிமைப் பதிவும்

பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு பதிவது 1864 சனவரி 1 முதல் எல்லோருக்கும் நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கர் அல்லாதாரின் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதலே பதியப்பட்டன. அதற்கு முந்திய காலத்துக்குத் திருச்சபைப் பதிவேடுகளே துணை. நகரங்களில் 18 ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கும் கத்தோலிக்கப் பதிவேடுகள், மேற்குக் கரையின் ஏழைப் பங்குகள் பலவற்றில் 1820 களுக்குப் பின்னரே தொடங்குகின்றன. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களும் வறுமையும் இதற்குக் காரணங்கள். 1880 வரையிலான பெரும்பாலான ஏடுகளைத் தேசிய நூலகம் நுண்படமாக எடுத்து வைத்திருந்தது. அவற்றின் படிமங்கள் 2015 சூலையில் இணையத்தில் இலவசமாக வெளியாயின.

திருமுழுக்குப் பதிவில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், தாயின் பிறந்தகக் குடும்பப் பெயர், ஞானப்பெற்றோர் இருவரின் பெயர் ஆகியவை காணப்படும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர் என்பதால் அவர்களின் பெயரைக் கவனியாது விடுவது தவறு.

உள்ளூரிலேயே தங்கிவிட்ட ஓர் ஏட்டின் மதிப்புக்கு ஆஃபலி கவுண்டியின் மணிகால் எடுத்துக்காட்டு. ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோருள் ஒருவரான ஃபால்மத் கியர்னி 1850 இல் நியூயார்க்கில் வந்திறங்கியவர். மணிகாலில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த குடும்பத்தில் இவர் பிறந்தார் என்பது, அப்பகுதி அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளைக் கொண்டு 2007 இல் உறுதிசெய்யப்பட்டது. ஒபாமா 2011 மே 23 அன்று அச்சிற்றூருக்குச் சென்றார்.

பெயர்கள்

ஐரியக் குடும்பப் பெயர்களின் முன்னொட்டான "ஓ" பேரன் அல்லது வழித்தோன்றலையும், "மாக்" மகனையும் குறிக்கும். ஆங்கிலேய ஆட்சியில் இம்முன்னொட்டுகள் பரவலாகக் கைவிடப்பட்டு, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சியோடு மீண்டும் சேர்க்கப்பட்டன. எனவே தாத்தா கானர் எனவும் பேரன் ஓ'கானர் எனவும் பதிவாகியிருக்கக் கூடும். கொல்லன் மகன் எனப் பொருள்படும் ஐரியப் பெயர் ஓரிடத்தில் மக்கவன் என ஒலிபெயர்க்கப்பட்டது. வேறோரிடத்தில் சுமித் என மொழிபெயர்க்கப்பட்டது. கத்தோலிக்க ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டால் சேம்சு என்பவர் யாக்கோபுசு ஆகிவிடுவார்.

முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரும் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. தமிழில் "பெயரன்" என்னும் சொல் உணர்த்தும் அதே வழக்கம் இது. அறியாத தலைமுறையின் பெயரை ஊகிக்க இது உதவும். ஆனால் அதனாலேயே ஓர் ஊரின் ஒரு குடும்பத்தில் ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள் நால்வர் ஐவர் இருப்பதும் இயல்பாகிறது.

வெளிநாடுகளில் உள்ள பதிவுகள்

டவுன்லாந்தின் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் அன்று, குடியேறிய நாட்டிலேயே கிடைக்கிறது. நியூயார்க்கில் 1850 இல் நிறுவப்பட்ட புலம்பெயர்ந்தோர் சேமிப்பு வங்கி, கணக்கு வைத்திருப்போரை அடையாளம் காண அவர்களின் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் ஆகியவற்றைக் குறித்து வைத்தது. கையொப்பமிடத் தெரியாத வேலைக்காரப் பெண்கள் பலரின் குடும்ப வரலாறு இவ்வாறு நிலைத்தது.

பாசுட்டன் நகரின் பைலட் இதழ் 1831 முதல் 1921 வரை "காணாமற்போன நண்பர்கள்" என்ற தலைப்பில் விளம்பரங்களை வெளியிட்டது. முன்னே சென்ற கணவனையும், கால்வாய் வெட்டும் வேலைக்குப் போய்த் திரும்பாத அண்ணனையும் தேடியோர், அவர்களின் டவுன்லாந்து, பங்கு, கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றை அதில் எழுதினர்.

சென்னை மாகாணத்துக்கும் இவ்வாய்வில் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் ஐரோப்பியப் படைகளில் ஐரியர் பெருமளவில் சேர்ந்தனர். சென்னையின் ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்று பின்னாளில் அரச டப்ளின் ஃபியூசிலியர்சு என்னும் படையின் பகுதியானது. சென்னை மாகாணத் தேவாலயங்களில் பதிவான திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன.

ஆனி மூர் வழக்கு

பெயரை மட்டும் கொண்டு செய்யும் ஆய்வு எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆனி மூர் பற்றிய பிழை பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர், தம்பியர் ஆண்டனி, பிலிப் ஆகியோருடன் நெவாடா என்ற கப்பலில் வந்து, 1892 சனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிசு தீவுக் குடிவரவு நிலையத்தில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவர். 10 டாலர் தங்க நாணயம் ஒன்று அவருக்குப் பரிசளிக்கப்பட்டது. அன்று அவருக்கு 15 ஆம் பிறந்தநாள் எனப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவருக்கு வயது 17.

அவர் மேற்கே சென்று, டெக்சாசில் வாழ்ந்து, 1923 இல் அமிழ்தண்டூர்தி மோதி இறந்தார் என நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த டெக்சாசுப் பெண்ணின் வழித்தோன்றல்கள் விழாக்களில் சிறப்பிக்கப்பட்டனர். குடிவழி ஆய்வாளர் மேகன் சுமோலெனியாக் கணக்கெடுப்புப் பதிவுகளைச் சரிபார்த்தபோது, டெக்சாசின் ஆனி மூர் அயர்லாந்தில் பிறந்தவரே அல்லர், இல்லினாயில் பிறந்தவர் என்பது தெரியவந்தது. 2006 இல் அவர் 1,000 டாலர் பரிசு அறிவித்து இணையத்தில் உதவி கோரினார். தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணம் நியூயார்க்கில் கிடைத்ததும் குடும்பத்தின் தடம் புலப்பட்டது. ஆனியின் பெயரைத் தேடி அன்று, அவருடன் வந்தவரைத் தேடியே இவ்விடை கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

உண்மையான ஆனி மூர் நியூயார்க்கை விட்டுச் செல்லவே இல்லை. மன்ஹாட்டனின் கீழ்க் கிழக்குப் பகுதியின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்து, மீன் சந்தையில் பணியாற்றிய சோசப் சேயர் என்பவரை மணந்தார். இவர்களின் பிள்ளைகளுள் பலர் சிறு வயதிலேயே இறந்தனர். 1924 இல் இறந்த ஆனி, குயின்சில் உள்ள கல்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் எதுவும் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையின் மீது 2008 இல் கல் நாட்டப்பட்டது.