உதிர்ந்த மலர்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என்னுடைய ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் ஐந்து நிமிஷம் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு 'டக்'. அப்புறம் மறுபடி நிற்கும்.

அதில் இருந்தது எட்டு வருஷமாக டெல்டாப் பக்கம் சுற்றி எடுத்த கல்வெட்டுப் படங்கள். பெரும்பாலானவற்றை மறுபடி போய் எடுத்துக்கொள்ளலாம், கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது? ஆனால் திருவாரூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயில். 2014-ல் நான் படமெடுத்த சுவர், பிறகு நடந்த திருப்பணியில் பிரிக்கப்பட்டு, கற்கள் எங்கே போயின என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அந்த எழுத்து இப்போது இந்த டிஸ்க்கில் மட்டும்தான். பேக்கப்பா? இருபது வருஷமாக அடுத்தவர்களுக்கு பேக்கப் பற்றி வகுப்பு எடுப்பவன் வீட்டில் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இந்த மாதிரி நேரத்தில் முதல் வேலை, கையை எடுப்பது. 'டிஸ்க்கைச் சரி செய்யட்டுமா?', 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கம்ப்யூட்டர் அக்கறையாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சரி செய்வது என்றால் சாகக் கிடக்கிற டிஸ்க்கிலேயே எழுதுவது என்று அர்த்தம். படிக்கவே முடியாத நிலை என்றால் உடனே அணைத்துவிட்டு, தூசியில்லாத அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். என்னுடையது மெதுவாகவாவது படித்தது. அதனால் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளை எடுத்தேன். அதன் புத்திசாலித்தனம் எளிமையானது. முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் வேகமாகப் பிரதி எடுத்துக்கொள்ளும். தகராறு செய்கிற இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனியாக ஒரு கோப்பில் குறித்து வைக்கும். பிறகு திரும்பி வந்து, விட்ட இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். கடைசிவரை படிக்க முடியாத இடத்தைக் காலியாகவே விடும், எதையும் இட்டுக்கட்டாது.

மூன்று ராத்திரி ஓடியது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கையில் கிடைத்தது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. பலமுறை படித்த புத்தகம்தான். இந்த முறை வேறு மாதிரி இருந்தது. அட, இந்த மனுஷர் செய்ததும் இதே வேலைதானே!

பனையோலையும் ஒரு ஸ்டோரேஜ் மீடியம்தான். நம் ஊர் ஈரத்திலும் பூச்சியிலும் சில நூறு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். தாங்காது என்று முன்னோர்களுக்கும் தெரியும். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதுவார்கள். எழுதி முடித்த பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரு கட்டத்தில் புதுசு எழுதுவது நின்றுபோனது, ஆற்றில் விடுவது மட்டும் தொடர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே.சா.விடம், பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் லேப்டாப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன், இன்னும் ஓடுகிறதா என்று.

உ.வே.சா. பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்துக்காரர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே வருஷம் அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. சிந்தாமணி 1887-லும் பத்துப்பாட்டு 1889-லும் அச்சில் வந்தன. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் ஒரே ஓட்டமாக ஓடும். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் ஊர் ஊராகப் போய்ப் பல பிரதிகளைச் சேர்த்து ஒப்பிட்டார். ஒன்றில் பூச்சி தின்ற இடம் இன்னொன்றில் தப்பியிருக்கும். நாங்கள் ரிடண்டன்சி என்று சொல்வது இதைத்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது குறிஞ்சிப்பாட்டுக் கதை. கபிலர் பாடிய 261 அடிப் பாட்டு. அதில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் பூக்களின் பட்டியல் புகழ்பெற்றது, மொத்தம் 99 பூ. உ.வே.சா. கையிலிருந்த பிரதிகளில் அந்தப் பட்டியலில் சில பூக்களைக் காணோம். அடி அங்கே விட்டுப்போயிருந்தது. கடைசியில் மாயவரம் பக்கத்துத் தருமபுர ஆதீனத்தில், உதிரி ஏடுகளுக்கிடையே அவை கிடைத்தன. 'உதிர்ந்த மலர்கள்' என்று இதற்குத் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

உதிரி ஏடு என்றால் முதல் பக்கம் இல்லை, நூல் பெயர் இல்லை, வரிசை இல்லை. உள்ளே இருக்கிற எழுத்தைப் பார்த்தே இது இன்ன நூல் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் டிஸ்க்கிலும் கோப்புகளின் பெயரும் இடமும் குறித்து வைக்கும் பகுதியே அடிபட்டிருந்தது. 99.7 சதவீதம் பிரதி எடுத்த பிறகும் ஃபோல்டர் ஒன்றும் தெரியவில்லை. அப்போது 'ஃபோட்டோரெக்' கை கொடுத்தது. ஜேபெக் படம் எதுவானாலும் முதல் சில பைட்டுகள் ஒரே மாதிரி இருக்கும். அந்த அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுக்கத் துழாவி, படங்களைப் பிடித்து வெளியே இழுக்கிறது. ஊர் பேரும் இல்லை, கோயில் பேரும் இல்லை, எண் மட்டும்தான். எந்தச் சுவர் எந்த ஊர் என்று கல்லைப் பார்த்துத்தான் பிரித்தேன். ஒரு மாசம் ஆனது.

மீளாதவையும் உண்டு. புறநானூற்றில் 267, 268 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. நற்றிணையை உரையோடு பதிப்பித்த பின்னத்தூர் நாராயணசாமி ஐயரும் நம் டெல்டாக்காரர்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம். புத்தகம் 1915-ல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் போயின. பழைய உரைகளில் மேற்கோளாகவும் புறத்திரட்டிலும் சிக்கிய சில துணுக்குகளே மிச்சம். வளையாபதி இன்னும் கொடுமை. இளமையில் திருவாவடுதுறை மடத்தில் அந்தச் சுவடியைக் கண்ணால் பார்த்ததாக உ.வே.சா. எழுதியிருக்கிறார். பின்னால் தேடியபோது கிடைக்கவில்லை. அன்றைக்கு யாராவது ஒரு பிரதி எடுத்திருந்தால்!

எதிர்பாராத இடத்தில் பேக்கப் இருந்ததும் உண்டு. தேவார ஏடுகள் தில்லையில் செல்லரித்துக் கிடந்ததை ராஜராஜன் காலத்தில் மீட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அது புராணம் சொல்லும் கதை. பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க இரண்டு பேரையும் அவன் நியமித்தது கல்வெட்டிலேயே இருக்கிறது. ஐம்பது பேரை வைத்து தினமும் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றும், அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான் என்றாலும். இத்தனைக்கும் தப்பிய ஒரு பதிகம் உண்டு. ஏடுகளில் சம்பந்தர் பாடல்கள் 383 பதிகம். அதில் இல்லாத திருவிடைவாய்ப் பதிகம் அந்த ஊர்க் கோயிலிலேயே கல்வெட்டாக இருந்து, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே வந்தது. திருவிடைவாய் திருவாரூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. முடிந்தால் போய்ப் பாருங்கள்.

என் கணக்குக்கு வருகிறேன். பிரித்துவிட்ட அந்தச் சுவரின் படங்கள் சுமார் அறுபது இருந்திருக்க வேண்டும். 41 வந்தது. முக்கியமான ஒரு படம் பாதி வரை தெளிவாக இருக்கிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தி. யார் கொடுத்தார் என்கிற வரி சாம்பலில் போய்விட்டது. முன்னும் பின்னும் வழக்கமான வாசகம்தான், கண்ணை மூடிக்கொண்டு நிரப்பலாம். பெயரை மட்டும் நிரப்ப முடியாது. பக்கத்து ஊர்க் கல்வெட்டில் வருகிற ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தேன், இடத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஒரு ராத்திரி முழுக்க அது அப்படியே என் நோட்டில் இருந்தது. காலையில் அடித்துவிட்டுப் புள்ளிகள் வைத்தேன்.

2014-ல் அந்தக் கோயிலுக்கு என்னோடு வந்த நண்பர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அன்று அவரும் போனில் நாலைந்து படம் எடுத்தது ஞாபகம். பழைய போன் மாமியார் வீட்டுப் பரணில் இருக்கும் என்கிறார். ஆடி மாசம் ஊருக்கு வரும்போது தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சார்ஜ் போட்டு ஆன் பண்ண வேண்டாம் என்று அவர் மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.