எக்ஸ்ரே அறையிலிருந்து குடிமீட்பு வார்டுக்கு: யோக சிகிச்சை சுருங்கி வளர்ந்த வரலாறு

பதஞ்சலி யோகசூத்திரத்தின் முதல் பாதம், 31ஆம் சூத்திரம். மனம் சிதறும்போது கூடவே தோன்றுபவை என்று அது நான்கைச் சொல்கிறது: துக்கம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், தாறுமாறான மூச்சு. குடியை நிறுத்திய இரண்டாம் நாளில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமான பட்டியல் அல்ல. ஆனால் பதஞ்சலி எழுதியது குடிநோயைப் பற்றி அல்ல. திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமையும் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகமும் வருகின்றன. சிவானந்தத்தையே தேறலாகக் காட்டிக் கள்ளை விலக்குகிறார் திருமூலர். அது ஞான வழி. அதை வைத்தியமுறையாகப் படிப்பது நம் அவசரம். யோகம் மருத்துவமனைக்குள் நுழைந்தது சுற்றுவழியாக.

அந்த வழியின் தொடக்கம் லோனாவ்லா. சுவாமி குவலயானந்தர் 1924இல் அங்கே கைவல்யதாமம் என்ற யோக ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அதே ஆண்டு ‘யோக மீமாம்சா’ இதழையும் தொடங்கினார். உட்டியாணம், நௌலி என்ற வயிற்றுப் பயிற்சிகளைச் செய்யும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் அவர். யோகத்தை அளக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கேதான். சென்னையில் வேறொரு போக்கு வளர்ந்தது. ஆளுக்கேற்றபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர் டி. கிருஷ்ணமாச்சாரியார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவி, அந்த முறையை நோயாளிகளிடம் கொண்டுபோனார். ஒன்று அளவுகோல், மற்றொன்று கைப்பக்குவம். இரண்டும் இன்றுவரை முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதே என் கருத்து.

மனநல மருத்துவத்துக்குள் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் என்.எஸ். வாஹியா. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம் என்ற ஐந்து படிகளை மனப்பதற்றமும் அதுபோன்ற தொல்லைகளும் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டியது அவர்களுடைய ஒப்பீட்டுக் குழுவை. அந்தக் குழுவினரும் ஆசனம் போலத் தோன்றுவதைச் செய்தார்கள், மூச்சுப் பயிற்சி போன்றதையும் செய்தார்கள். உள்ளே இருந்த சரக்கு மட்டும் வேறு. மாத்திரை ஆய்வில் சர்க்கரை மாத்திரை கொடுப்பது எளிது. பொய் யோகம் எப்படிக் கொடுப்பது? அரை நூற்றாண்டுக்கு முன் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட துணிச்சல், பின்னால் வந்த பல ஆய்வுகளில் இல்லை.

உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆழ்நிலைத் தியானம் பழகிய 1,862 பேரிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு பென்சனும் வாலஸும் 1972இல் வெளியிட்ட ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் பதில் சொன்னவர்கள் தியானத்தில் நிலைத்தவர்கள். பாதியில் எழுந்து போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1997இல், ஓபியம் வகைப் போதையிலிருந்து மீள மெத்தடோன் சிகிச்சையில் இருந்த 61 பேரை வைத்து ஹடயோகத்தையும் குழு உளச்சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது. இரு குழுவினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. ஒன்றைவிட மற்றது மேல் என்று காட்ட முடியவில்லை. இதை யோகத்தின் தோல்வியாகச் சொல்வோர் உண்டு. பயிற்சி பெற்ற உளச்சிகிச்சையாளர் நடத்தும் குழுவுக்கு ஈடுகொடுத்ததைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த வரலாற்றின் அடுத்த கட்டம். கடும் மனச்சோர்வில் உள்நோயாளிகளாக இருந்த 45 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்த ஆய்வு 2000இல் வெளியானது. மின்னதிர்வு சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவீதத்தினருக்கும், இமிப்ரமின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 73 சதவீதத்தினருக்கும், சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சியைப் பழகியவர்களில் 67 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்தது. மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது யோகம், மின்னதிர்வை எட்டவில்லை. குழுவுக்குப் பதினைந்து பேர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 2007இல் வந்த மனச்சிதைவு ஆய்வில் 61 பேரும் மருந்தைத் தொடர்ந்தார்கள்; ஒரு பாதிக்கு யோகம், மறு பாதிக்கு உடற்பயிற்சி. நான்கு மாத முடிவில் யோகக் குழு மேலாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அதைத் தனிச் சிகிச்சையாக முன்வைக்கவில்லை. ‘கூடுதல் சிகிச்சை’ என்றே பெயரிட்டார்கள். லோனாவ்லா காலத்துப் பெரிய நம்பிக்கைகளிலிருந்து இந்தச் சின்னச் சொல்லுக்கு வந்து சேர்ந்ததைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

குடிநோயாளிகள் அறுபது பேரிடம் நிம்ஹான்ஸில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்விலும் இந்த அடக்கம் தெரியும். குடியை நிறுத்திய முதல் வாரம் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, பிதற்றல் வரும் காலம். அப்போது உயிரைக் காப்பது மருந்து. அந்த வாரம் முடிந்த பிறகே பாதிப் பேருக்குச் சுதர்சன கிரியா தொடங்கியது. இரண்டு வாரத்தில் அவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் குறைந்தது, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் இறங்கியது. அளந்தது அவ்வளவுதான். வீட்டுக்குப் போனபின் சம்பள நாளன்று எத்தனை பேர் மறுபடி கடைக்குப் போனார்கள் என்பது அந்த இரண்டு வாரத்துக்குள் அடங்குகிற கேள்வி அல்ல.

மூளைக்குள் நடப்பதையும் ஒருவர் தேடினார். மூளையைத் தணிக்கும் வேதிப்பொருள் காபா; மது தூண்டிவிடும் அந்தக் காபா அமைப்பு, மது நின்றதும் துவண்டுபோகிறது. நடுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். பாஸ்டனில் கிரிஸ் ஸ்ட்ரீட்டர் குழு 2007இல் ஒரு மணி நேர யோகத்துக்குப் பின் மூளையில் காபா 27 சதவீதம் கூடியதாக அறிவித்தது. யோகம் செய்து அளக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஏற்கெனவே யோகம் பழகியவர்கள். எட்டாம் நாள் காலை வார்டில் முதல்முறையாகப் பாய் விரித்து உட்காருகிறவர் அவர்களில் ஒருவர் அல்ல.