அரச காணியும் வீட்டு வளவும்: திருகோணமலை மாவட்டத்தில் காணி வழங்கல் பற்றிய ஒரு வாதம்

திருகோணமலையில் ஏழைகளுக்கு வீடு என்ற பேச்சு எழுந்தால் சீமெந்து, கம்பி, ஓடு ஆகியவற்றின் விலைதான் முதலில் கணக்கில் வருகிறது. காணி ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று அந்தக் கணக்குப் போடுபவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பயனாளிகளே கட்டிக்கொள்ளும் முறையில் 2012 ஒக்டோபரில் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டத்தைப் பாருங்கள். வடக்குக் கிழக்குக்கு 45,000 வீடுகள், வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் நன்கொடை. போருக்குப் பின் வந்த வீட்டு உதவிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை என்றே சொல்லலாம். ஆயினும் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ பிரதேச செயலாளரின் ஒப்புதலோ இல்லாத குடும்பத்துக்கு அந்தப் பணத்தை நெருங்கவே வழி இருக்கவில்லை. ஆகக் கூடிய தேவையுள்ளவர்களே பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அரச காணியை வீட்டு வளவாக வழங்கும் சட்ட வடிவத்தை மாற்றாமல் இம்மாவட்டத்தில் ஏழைகளுக்கான வீடமைப்பு முன்னேறாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இன்றுள்ள அனுமதிப்பத்திர முறையும் அதற்கு உதவாது. காணியை முழு உரித்தோடு கொடுத்துவிட்டு அரசு விலகிக்கொள்வதும் உதவாது.

இலங்கை நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசின் கையில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இதற்கு வித்திட்டது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம். காடும் தரிசும் பயிரிடாத நிலமும் எதிர்ச்சான்று காட்டப்படும் வரை முடிக்குச் சொந்தம் என்று அது ஊகித்தது. சேனைப் பயிர் செய்துவிட்டுச் சில ஆண்டுகள் நிலத்தை ஆறவிடும் உலர்வலயக் குடியானவர்கள் அந்த ஊகத்தால் தங்கள் நிலத்திலேயே அந்நியரானார்கள். 1935இன் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அதே நிலத்தை அனுமதிப்பத்திரத்தின் மூலம் வேறு நிபந்தனைகளோடு திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் குடியேற்றத் திட்டங்களில் வயலும் மேட்டு நிலமும் பகிரப்பட்டது இந்தச் சட்டத்தின் கீழ்தான். யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருடைய எல்லைக்குள் கொடுக்கப்பட்டது என்ற கேள்விகள் மாவட்டத்தின் அரசியலை எழுபது ஆண்டுகளாக ஆட்டிப்படைக்கின்றன. எந்த இனமும் தனிப் பெரும்பான்மையாக இல்லாத மாவட்டம் இது. ஒரு வளவை அளந்து கல் நட்டாலும் அதில் இனக் கணக்குப் பார்க்கப்படுகிறது. இந்தச் சந்தேகத்தைக் கடந்து செல்ல வழி காட்டாத எந்த வீடமைப்புத் திட்டமும் இங்கே நிலைக்காது.

1935ஆம் ஆண்டுச் சட்டம் கமக்காரனை மனதில் வைத்து எழுதப்பட்டது. கடன்காரனும் ஊர்ப் பெரிய மனிதனும் வயலைப் பறித்துக்கொள்ளாமல் காப்பதே அதன் நோக்கம். அதனால் காணியை விற்க, ஈடுவைக்க, பங்குபோட அது தடைகள் வைத்தது. கூறு ஒன்றின் அளவுக்குக் கீழெல்லை வைத்தது. வயலுக்கு இவை பொருத்தமாக இருந்திருக்கலாம். இதே முறை வீட்டு வளவுக்கும் நீட்டப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. பின்னுரிமை பெயரிடப்படாவிட்டால் மூன்றாம் அட்டவணைப்படி காணி ஒருவரிடமே போய்ச் சேரும். அந்த ஒருவர் பெரும்பாலும் மூத்த மகனாகவே இருந்தார். தாய்வழியில் மகளுக்கு வீடு வளவு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் ஆழ வேரூன்றிய கிழக்கில், இந்தச் சட்டம் சமூக வழக்கத்துக்கு நேர் எதிராக நின்றது. 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள் தாமதமான நீதி அது. ஆனால் கூறுபோடும் தடை அப்படியே இருக்கிறது. ஆகவே அனுமதிப்பத்திரக் காணி ஒன்றில் தாய் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மகள்மாரின் வீடுகள் எழும்பினாலும் எழுத்தில் அங்கே ஒரே ஒரு குடும்பந்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் வங்கிக் கடனுக்கும் வீடமைப்பு அதிகாரசபையின் உதவிக்கும் எட்டாதவை.

இதற்குப் பக்கத்திலேயே காணிச் சந்தை ஒன்று வேகமாக ஓடுகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, மட்டக்களப்பு வீதியில் துறைத் தோணிகளின் காலம் முடிந்தபின், உறுதிக் காணிகள் பேர்ச் கணக்கில் கைமாறத் தொடங்கின. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கரையில் விருந்தினர் விடுதிகள் எழுந்தன. கடலை நம்பி வாழும் குடும்பம் கரையை விட்டுத் தள்ளிப் போக முடியாது. ஆனால் கரையில் ஒரு துண்டு வாங்கவும் அதனால் முடியாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றர் தடை வலயம் அறிவிக்கப்பட்டபோது இது நன்றாகவே தெரிந்தது. உள்நாட்டில் எவ்வளவு நல்ல வீடு கொடுத்தாலும், வலையும் தோணியும் கரையில் கிடக்கும்போது அங்கே குடும்பம் ஒட்டாது. மலிவான காணி தொலைவில்தான் கிடைக்கும் என்று திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்வது, தொழிலை இழக்கும் செலவைக் குடும்பத்தின் தலையில் போடுவதாகும்.

இங்கே அரசுக்குக் காணிப் பஞ்சம் கிடையாது. 1984இல் வர்த்தமானி மூலம் துறைமுகத்தைச் சூழ்ந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்டது. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிப் பண்ணை மட்டும் ஏறத்தாழ 850 ஏக்கர். 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபின் அவர்களது நிலத்தில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது; 2015இல்தான் அந்த ஒதுக்கீடு இரத்தானது. மக்கள் ஒன்பது ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்துக் கிடந்தார்கள். 2025இல் முத்துநகர் விவசாயிகள், பல்லாண்டு பயிரிட்ட நிலம் சூரிய மின் திட்டங்களுக்குக் குத்தகையாகப் போனதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்தார்கள். துறைமுகமும் மின்சாரமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முதலீட்டாளருக்கு நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே கோப்பில் முடித்துக் கொடுக்கக்கூடிய நிர்வாகம், ஒரு விதவைக்கு 20 பேர்ச் காணி கொடுக்க ஆண்டுக் கணக்காக அலைக்கழிப்பது அநீதி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். வீதி, கிணறு, பள்ளி, விளையாட்டிடம் ஆகியவற்றுக்குப் பாதியை ஒதுக்கினாலும் ஏக்கருக்கு நான்கு வளவு கிடைக்கும். நூறு ஏக்கரில் நானூறு குடும்பம் குடியிருக்கலாம்.

முழு உரித்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்பது கொழும்பில் இப்போது வலுவாக உள்ள கருத்து. 2024 பெப்ரவரியில் தொடங்கிய ‘உறுமய’ திட்டம் இருபது இலட்சம் உறுதிகளை வாக்களித்தது. இந்தக் கருத்தின் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மூன்று தலைமுறை ஒரே மண்ணில் இருந்தும் அரசின் தயவில் இருப்பவர்களாகவே நடத்தப்படுவது அவமானம். அதைப் பட்டவர்களுக்கு உறுதி என்பது மானத்தைத் தருவது. ஆனால் நுண்கடன் தவணைக்கு நகையை அடைவு வைத்த குடும்பத்தின் கையில், விற்கத் தடையில்லாத காணி எத்தனை நாள் நிற்கும்? நிலாவெளியிலோ குச்சவெளியிலோ நெருக்கடியில் விற்ற வளவை அதே குடும்பம் திரும்ப வாங்கப் போவதில்லை. அரசு இலவசமாகக் கொடுத்த நிலத்தின் பெறுமதி ஒரே கைமாற்றத்தில் விடுதிக்காரரிடம் போய்விடும். அடுத்த தலைமுறைக்கு அரசு மறுபடியும் காணி தேட வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே வளவு கொடுப்பதில் கேரளத்தின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தின் கீழ், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர் தம் குடிசையையும் அதைச் சுற்றி பெருநகரத்தில் மூன்று சென்ட், மற்ற நகரசபைகளில் ஐந்து சென்ட், கிராமத்தில் பத்துச் சென்ட் வரையும் வாங்கும் உரிமை பெற்றனர். சட்டம் அவர்களைத் தொலைவில் குடியேற்றவில்லை. இருந்த இடத்திலேயே வேரூன்றச் செய்தது. வேலையும் அயலும் கைவிட்டுப் போகாமல் வளவு கிடைத்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகக் குடியுரிமைப் போராளிகள் 1969இல் அமைத்த ‘நியூ கொமியுனிட்டிஸ்’ என்ற கூட்டு நில அறக்கட்டளையின் பாடம் வேறு. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பொதுவில் வைத்திருந்தும், வறட்சி வந்தபோது உரிய கடன் மறுக்கப்பட்டதால் 1985இல் அந்த நிலம் கடனில் பறிபோயிற்று. கடன் வசதியைச் சேர்த்துச் செய்யாத பாதுகாப்பு பலவீனமானது.

ஆகவே நான் வேண்டுவது வீட்டு வளவுக்கெனத் தனியான ஓர் அளிப்பு வடிவம். அது கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பங்குபோடவும், மாடி எழுப்பித் தனி உரித்துக் கொடுக்கவும் இடமளிக்க வேண்டும். வீடு கட்ட அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் ஈடுவைக்கலாம். விற்பதானால் முதலில் வாங்கும் உரிமை பிரதேச சபைக்கு. விலை, கட்டடத்தின் மதிப்போடு பணவீக்கத்துக்கேற்பத் திருத்திய காணிப் பெறுமதி. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபை சொத்து வைத்திருக்கக்கூடிய கூட்டுருவம். அதனிடம் பணம் இல்லை என்பதுதான் குறை. பெரு முதலீட்டுக்குக் குத்தகையாகும் ஒவ்வொரு அரச காணியின் வருமானத்திலிருந்தும் ஒரு பங்கை இதற்கென நிதியமாக்கலாம். அந்தக் காணியிலேயே ஒரு பகுதியை வேலைத்தலத்துக்கு அருகில் வளவுகளாக ஒதுக்கலாம்.

தெரிவில்தான் நம்பிக்கை உடையும் என்பதால் பயனாளிகளைத் தெரிவுசெய்யும் காணிக் கச்சேரி திறந்த மண்டபத்தில் நடக்க வேண்டும். விண்ணப்பதாரர் பட்டியல், புள்ளி, தெரிவான காரணம் எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அந்தப் பிரிவிலேயே காணியில்லாதவருக்கும் அங்கிருந்து இடம்பெயர்ந்தவருக்கும் முன்னுரிமை. வெளியிலிருந்து ஆள் கொண்டுவர இடமில்லை.

பதின்மூன்றாம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. அரச காணி மத்திக்கே உரியது என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்த்தது. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. இவை தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரச காணிக் கட்டளைச் சட்டம் நிபந்தனையோடு அளிப்புச் செய்ய ஏற்கெனவே அதிகாரம் தருகிறது. பட்டினமும் சூழலும் பிரிவில் துறைமுக அதிகாரசபையின் பெயரில் சும்மா கிடக்கும் காணியை மறு அளவை செய்து, தேவைக்கு மிஞ்சியதை விடுவித்து, ஏற்கெனவே குடியிருப்போருக்கும் பயிரிடுவோருக்கும் முதலில் இந்த அளிப்பை வழங்கிப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது ஓர் அமைச்சரவைத் தீர்மானமும், நில அளவையாளர்களுக்கு ஒரு கட்டளையும்.