தாழ்மை: கடலூர், சிதம்பரம் வட்டாரக் கிறிஸ்தவ வாழ்வில்

தாழ்மை என்பது, பிறருக்கு மேலாகத் தன்னை வைத்துக்கொள்ளாமல் வாழப் பழகும் கிறிஸ்தவ ஒழுக்கம். புராட்டஸ்டண்ட் சபைகளில் மனத்தாழ்மை என்றும் கத்தோலிக்கரிடையே தாழ்ச்சி என்றும் வழங்கும். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சி (யோவான் 13) இதன் வேர். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்காக இதைப் பன்னிரண்டு படிகளாக வகுத்தார். மடத்துக்கு வெளியே, குடும்பமும் சாதியும் உள்ள வாழ்வில் தாழ்மையைச் சோதித்துப் பார்த்த இடம் வேறு. கடலூர்ப் பக்கத்தில் அது பந்தி.

கடலூரில் புராட்டஸ்டண்ட் ஊழியம் 1737இல் தொடங்கியது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் மரபில் வளர்ந்த சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், திருவிருந்துக்கு ஒரு சாரார் முன்னும் மறு சாரார் பின்னும் போவதும் நெடுங்காலம் நீடித்தன. இதை நிறுத்தும்படி கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளுக்கு எழுதினார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து உண்பதையே சாதியை விட்டதற்கு அடையாளமாக வைத்தார்கள். ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன் இதற்கு உடன்படவில்லை. கட்டாயத்தால் மனம் மாறாது, விசுவாசம் முதிர்ந்தால் வழக்கம் தானே உதிரும் என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் நிலை. அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இந்தப் பொறுமையை ஏற்காமல் பிரிந்தார். 1861இல் நெல்லிக்குப்பத்துக்கு அருகே பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்ற ஊழியத்தைத் தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கத்தோடு இணைந்த அந்த ஊழியத்தின் வழியில் வந்ததே, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை.

கிரவுலின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடித்துப் பணியவைப்பது தாழ்மை ஆகாது. ஆனால் காத்திருக்கும் பாரம் எப்போதும் கடைசி வரிசையில் நிற்பவர் தலையில்தான் விழுந்தது. தாழ்மையை யாரிடம் கேட்கிறோம் என்பதே இந்த வட்டார வரலாற்றின் முதன்மையான கேள்வி. ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவரிடம் அதைப் போதிப்பது எளிது.

சிதம்பரத்தில் இதே கேள்வி சைவத்துக்குள்ளும் எழுந்திருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், தாழ்த்தப்பட்ட பண்ணையாளான நந்தனின் பணிவு எல்லாருக்கும் தெரிந்ததே. இறுதியில் பண்ணை வேதியர் நந்தனின் காலில் விழுவதை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்து, கிறிஸ்தவராகாமலே துறவியான சுவாமி சகஜானந்தர், நந்தனார் பெயரில் 1916இல் சிதம்பரத்தில் கல்விப் பணியைத் தொடங்கினார். பணிவைப் போதிப்பதைவிடப் பள்ளிக்கூடம் அவருக்கு அவசரமாகப் பட்டது.

இன்றைய வழக்கங்களில் கண்ணுக்குத் தெரிவது பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு. 2016இல் போப் பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என விதியைத் திருத்தினார். (தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்.) வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக ஆகஸ்டில் காவியுடுத்தி கடலூர், சிதம்பரம் வழியே நடப்போர், வழியில் முன்பின் தெரியாதவர் தரும் மோரையும் சோற்றையும் கைநீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்தே பழகியவருக்கு வாங்குவது கடினமான பயிற்சி. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சபைக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கையில் கொடுத்தவர் பெயர் தெரிவதில்லை. வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதிய குழல்விளக்குகளும் கோயில்களில் உண்டு.

பந்திக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தின் எறையூரில், ஒரே ஆலயத்தில் சமமாக நடத்தப்படாத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, காவல்துறை சுட்டதில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த கிறிஸ்தவர் இருவர் இறந்தனர்.