நீ எத்தனையாவது ஆள்?

2009 ஜனவரி 15. நியூயோர்க்கிலிருந்து கிளம்பிய யூ.எஸ். எயார்வேஸ் விமானமொன்று பறவைக்கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சினும் செயலிழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் தப்பினார்கள். இது படமாகவே வந்துவிட்ட கதை.

ஆனால் அந்த விமானி அறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். துணை விமானியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் அதற்கு முன்னமே கப்டனாகப் பறந்தவர். கம்பனி ஆட்குறைத்தபோது கீழே இறக்கப்பட்டவர். கப்டன் சலன்பேர்கர் அடுத்த மாதம் அமெரிக்கக் கொங்கிரஸ் முன்னால் போய் இருந்து, தன் சம்பளம் 40 வீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் இல்லாமல் போனதையும் சொன்னார். ஊரே கொண்டாடிய இரண்டு பேரின் நிலை இது.

இதன் பின்னால் இருப்பது சேவைமூப்பு. அமெரிக்க விமானிகளுக்கு அது ஒரு எண். எந்த விமானம், எந்த ஊர், கப்டனா துணை விமானியா, நத்தாருக்கு லீவு கிடைக்குமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். நெருக்கடி வந்தால் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் சம்பளமில்லாமல் வீட்டுக்கு. நிலைமை திரும்பினால் வரிசைப்படி மீண்டும் வேலைக்கு. மேலதிகாரிக்குப் பிடித்தவர் பிடிக்காதவர் என்ற கதைக்கு இதில் இடமில்லை. அதுக்காகத்தான் தொழிற்சங்கங்கள் அதை விடாமல் பிடித்திருந்தன.

ஆனால் ஒரு சிக்கல். அந்த எண்ணை இன்னொரு கம்பனிக்குக் கொண்டுபோக முடியாது. இருபது வருஷம் பறந்தவரும் வேறிடம் போனால் கடைசி ஆள்தான். ஆகவே சம்பளத்தை வெட்டினாலும் விட்டுப் போக ஏலாது. இது நிர்வாகங்களுக்கு நல்லாவே தெரியும்.

2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயணிகள் குறைந்தார்கள். யூ.எஸ். எயார்வேஸ் 2002இலும் 2004இலும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. விமானிகள் வெட்டுக்கு மேல் வெட்டாக ஒத்துக்கொண்டார்கள். 2003இல் அவர்களது ஓய்வூதியத் திட்டமும் முடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

2005இல் இந்தக் கம்பனி அமெரிக்கா வெஸ்ட்டுடன் இணைந்தது. இரண்டு பட்டியல், இனி ஒன்றாக வேண்டும். எப்படி?

கிழக்குப் பக்கத்து விமானிகள் வயதிலும் சேவையிலும் மூத்தவர்கள். சேர்ந்த திகதியைப் பார்த்து வரிசைப்படுத்துங்கோ எண்டார்கள். மேற்குப் பக்கத்தவர்கள், "நாங்கள் வேலையில் இருக்கிறம், உங்கட ஆக்கள் வீட்டில் இருக்கினம். எங்கட கப்டன் ஆசனத்தை ஏன் தரவேணும்?" என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் இந்தக் கதையின் சோகம்.

நடுவர் ஜோர்ஜ் நிக்கோலோ 2007 மே மாதம் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களை ஓட்டிய ஐந்நூறு சொச்சம் கிழக்கு விமானிகளுக்குப் பட்டியலின் உச்சி. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அடி. பல வருஷம் பறந்து வேலையிழந்த ஒருவர், சில மாதங்களுக்கு முன் சேர்ந்த பொடியனுக்குக் கீழே போனார்.

தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று முன்னமே ஒத்துக்கொண்ட நடைமுறைதான் அது. ஆனாலும் எண்ணிக்கையில் கூடிய கிழக்கு விமானிகள் 2008இல் வாக்களித்துப் பழைய சங்கத்தையே மாற்றினார்கள். புதிய சங்கத்தின் கொள்கை, சேர்ந்த திகதி. மேற்கு விமானிகள் நீதிமன்றம் போனார்கள். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சங்கம் மேற்கு விமானிகளை நியாயமாகப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் கம்பனியே அமெரிக்கன் எயார்லைன்ஸுடன் இணைந்துவிட்டது.

இத்தனை வருஷமும் இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு ஒப்பந்தம் வரவில்லை. வெளியில் ஒரே பெயர், ஒரே நிறம். உள்ளே இரண்டு பட்டியல். கிழக்கு விமானிகள் வங்குரோத்துக் காலத்துச் சம்பளத்திலேயே தொடர்ந்து பறந்தார்கள். அந்த மிச்சம் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

சேவைமூப்பு பிழையான விதி என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் நிர்வாகத்தின் கைதான் ஓங்கும். ஆனால் யார் முதலில் நஷ்டப்படுவது என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்லும். நஷ்டம் ஏன் தொழிலாளியின் தலையில் விழவேணும் என்று அது கேட்காது. அந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் தங்களுக்குள் எண்ணைப் பற்றி மட்டும் சண்டை பிடித்த நாளிலேயே அவர்கள் பாதி தோற்றுவிட்டார்கள்.