கணக்கில் ஏறாத பயம்

வீரகேரளம்புதூர் என்றதும் வரலாறு எழுதுவோருக்கு ஊற்றுமலை ஜமீனும், காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரும் நினைவுக்கு வருவார்கள். அந்த வட்டாரத்திலிருந்து ஆலங்குளம், முக்கூடல் வரை வீட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பீடித் தொழிலில் பிள்ளைகளின் பங்கை எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்களும் வயது, கூலி, புகையிலைத் தூசி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் பட்ட பயம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பயத்துக்குச் சான்று இல்லாமல் இல்லை. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் வெளியான விட்லி ஆணைய அறிக்கை, பீடிப் பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட 10, 12 மணி நேரம் உழைத்ததையும் சிறுவர்கள் அடிவாங்கியதையும் பதிவு செய்தது. முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பதை 1933ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனாலும் 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கொடுமை வருகிறது: குனிந்த தலை நிமிராதிருக்கத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே தீப்பெட்டி, அது விழுந்தால் அடி. இது பட்டறைக் கதை. 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் பட்டறையில் 14 வயதுக்குட்பட்டோரை விலக்கியது. அந்தத் தடை, குடும்பத்தார் துணையோடு சொந்த வீட்டில் தொழில் செய்தவரைத் தொடவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத் தொழிலுக்கு விலக்கு அளித்தது. ஏஜெண்டு வழியே இலையும் தூளும் வீடு வந்து சேர்ந்தன. இன்ஸ்பெக்டர் வாசலோடு நின்றார். சுற்றிய பீடியை ஏஜெண்டு கழித்தால் நஷ்டம் தாய்க்கு. அந்த ஆத்திரம் யார் முதுகில் இறங்கியிருக்கும் என்று எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

பெற்றோருக்குக் கைகொடுப்பது கொடுமையா, அந்தக் காசில்தானே அடுப்பு எரிந்தது என்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளி விட்டு வந்து நாலு பீடிக்கு முனை மடக்கியதெல்லாம் ஆறாத காயம் என்று நானும் சொல்லமாட்டேன். கடனும் அடியும் தப்ப வழியின்மையும் சேரும் இடத்தில்தான் உழைப்பின் தன்மை மாறுகிறது. அமெரிக்காவில் 9,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் வதையும் வீட்டு வன்முறையும் எத்தனை வகையாகக் கூடினவோ, பின்னாளில் மனச்சோர்வும் இதயநோயும் அந்த அளவுக்குக் கூடியிருந்ததைக் காட்டியது. அது குழந்தை உழைப்பை அளந்த ஆய்வல்ல. அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பீடித் தொழிலாளிக்கு வரும் நோயை நுரையீரலில் மட்டும் தேடுவது போதுமா என்று கேட்க அது இடம் தருகிறது. 1976இல் வந்த நலநிதிச் சட்டத்தால் மருத்துவ உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. உண்மையான உதவிதான். இன்று ஐம்பதைத் தாண்டிய பெண் இருமலுக்கு மருந்து வாங்க வரும்போது, எந்த வயதில் தட்டை மடியில் வைத்தாள், யாருக்குப் பயந்து சுற்றினாள் என்பதையும் மருத்துவர் கேட்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.