பிரானூருக்கு இந்தப் பக்கம்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் ரோட்டில், வைகையின் வடகரையில் இருக்கிறது பரவை. வெளியூர்க்காரர்களுக்கு இது நாட்டுப்புறப் பாடகி முனியம்மாவின் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல். எனக்குச் சொந்த ஊர். மீட்டர் கேஜ் காலத்தில் சென்னையிலிருந்து கொல்லத்துக்குப் போகும் மெயில் எங்கள் ஊரை ஒட்டித்தான் போகும். நிற்காது. மதுரை, விருதுநகர், தென்காசி, செங்கோட்டை என்று போய், மலையைக் குடைந்து அந்தப் பக்கம் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆடி மாதம் எங்கள் கண்மாய்க்கரையில் புழுதியை வாரியிறைக்கிற காற்று அந்த மலையைத் தாண்டித்தான் வருகிறது என்பது பிறகு பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. வழியில் தண்ணீரையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு வெறும் கையோடு எங்களிடம் வருகிற காற்று.

அந்தத் தண்ணீரைப் பார்க்கத்தான் நாற்பது வருஷங்களுக்கு முன்னால் நண்பர்கள் நான்கு பேர் செங்கோட்டைக்குப் போனோம். நான்கு பேரும் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர்கள். சாரல் பருவம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியே ஈரத்தோடு நுழைகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த மாதங்களில் இங்கே மட்டும் வெயிலும் தூறலும் மாறிமாறி வரும். வயல்கள் மலையின் காலடி வரை போகும். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பழைய வளைவு, அதன் மேல் சங்கு முத்திரை. பார்த்தோம். என்ன என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து நான் ஒரு கவிதை எழுதினேன். இது போன்ற ஒரு சிறுபத்திரிகையில் அது வெளிவந்தது. அதில் 'எல்லை' என்ற சொல் மூன்று முறை வரும். அது வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள எல்லை. நான் நின்ற மண்ணில் ஸ்தூலமாக ஒரு எல்லை இருந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சமீபத்தில் ஒரு ஆடியில் மறுபடி போனேன். குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்குப் பஸ். மர அறுவை மில்கள் வரிசையாக வருகிற இடத்தில் கண்டக்டர் "பார்டர்! பார்டர் இறங்கு!" என்று கூவினார். இறங்குகிற ஜனங்கள் பரோட்டாக் கடைகளைப் பார்த்து நடந்தார்கள். அந்த இடத்தின் பெயர் பிரானூர். ஆனால் பிரானூர் என்று சொல்வதைவிட பார்டர் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரிகிறது. 'பார்டர் பரோட்டா'வுக்காக மதுரையிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேரள எல்லையோ அங்கிருந்து மேற்கே பல மைல் தள்ளி, புளியரையைத் தாண்டி, மலை ஏறும் வழியில் இருக்கிறது. பிரானூரில் எந்த எல்லையும் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த தாலுகா. மலைக்குக் கிழக்கே, தமிழ் பேசும் சமவெளிக்குள், திருவனந்தபுரத்து மகாராஜாவின் ஆட்சி நீட்டிக்கொண்டிருந்த ஒரு விரல். பிரானூரோடு வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம் முடிந்தது. குற்றாலத்து அருவி மாகாணத்தில். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் செங்கோட்டை வயல் சமஸ்தானத்தில். அங்கே தனி நாணயம், சக்கரமும் பணமும். தனித் தபால், அஞ்சல் என்று பெயர். நான் பார்த்த சங்கு அந்த அரசின் முத்திரை. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே மழை. கொல்லம் ஆண்டுக் கணக்கைக்கூட திருநெல்வேலிச் சீமையிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எல்லை ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே இரண்டு கலாசாரங்கள் கலக்கின்றன என்று சொல்வது வழக்கம். தேங்காயெண்ணெய் வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் கலந்தன என்கிற ரகம். இது பொய்யல்ல. ஆனால் எல்லை இல்லாத இடத்திலும் அவை கலக்கும். மதுரைச் சௌராஷ்டிரர்கள் ஆண்டுதோறும் மார்கழியில் ஆரியங்காவு சாஸ்தா கோவிலுக்குப் பெண் வீட்டாராகப் போகிறார்கள். திருவிதாங்கூருக்குத் துணி விற்கப் போன ஒரு மதுரை வணிகரின் மகள்தான் அங்கே சாஸ்தாவை மணந்த புஷ்கலா தேவி என்பது ஐதீகம். அந்தச் சம்பந்தத்துக்கு எந்தச் சுங்கச்சாவடியும் குறுக்கே நிற்கவில்லை. கலாசாரத்துக்கு எல்லை ஒரு பொருட்டே அல்ல. எல்லை ஊருக்கென்று விசேஷமாக ஒன்று உண்டென்றால் அது வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற இடம் அது. ஒருவன் தன் வரப்பில் நின்றுகொண்டு, தன்னைப் போன்ற இன்னொருவன் அடுத்த வரப்பில் எப்படி நடத்தப்படுகிறான் என்று பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தால் என்ன தெரிந்திருக்கும்? கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியில், ஒரு மனிதன் இன்னொருவனின் அடிமை என்பதைக் கோர்ட்டுகள் ஏற்காது என்றது 1843ஆம் வருஷத்துச் சட்டம். திருவிதாங்கூரில் அது 1853இல் பாதியாகவும் 1855இல் முழுமையாகவும் வந்தது. இடையில் பன்னிரண்டு வருஷம். காகிதத்திலாவது, அந்தப் பன்னிரண்டு வருஷமும் பிரானூருக்குக் கிழக்கே வயலில் நின்றவன் ஆள். மேற்கே நின்றவன் சொத்து. காகிதத்தில் வந்தது வயலுக்கு வர எத்தனை காலம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் காகிதத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

பிறகு 1904. கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதை அந்த வருஷம் நவம்பரில் திறந்தது. காட்டு மரமும் மலைச் சரக்கும் அதில் இறங்கின. ஆட்களும் போய்வந்தார்கள். செங்கோட்டையில் 1886இல் பிறந்த வாஞ்சிநாதன் அந்த வழியில்தான் புனலூருக்குப் போய், சமஸ்தானத்துக் காட்டு இலாகாவில் வேலை பார்த்தார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். ஒரு சமஸ்தானப் பிரஜை எல்லை தாண்டி வந்து பிரிட்டிஷ் கலெக்டரைக் கொன்ற சம்பவம் இது. செங்கோட்டையில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவருடைய தைரியத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த கடிதம் விடுதலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. சனாதன தர்மத்துக்கு நேர்ந்த ஆபத்தைப் பற்றியும் பேசியது. சிலைக்கு மாலை போடுகிறவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தைப் பொதுவாகச் சொல்வதில்லை. வசைபாடுகிறவர்கள் முதல் விஷயத்தைச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே காகிதத்தில், ஒரே கையெழுத்தில் இருந்தன.

அதற்கு இருபத்தைந்து வருஷம் கழித்து, 1936 நவம்பர் 12ஆம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அரசுக்கும் அரச குடும்பத்துக்கும் உட்பட்ட கோவில்களில் பிறப்பைக் காட்டி எந்த இந்துவையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தப் பிரகடனம் மலையைத் தாண்டி இந்தப் பக்கத்து விரல் நுனிக்கும் வந்தது. வாஞ்சிநாதன் பிறந்த தாலுகாவில், சர்க்கார் கோவில்களின் வாசல் சட்டப்படி திறந்தது. பிரானூருக்குக் கிழக்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. தென்காசியில் பாண்டியன் கட்டிய விசுவநாதர் கோவிலைச் செங்கோட்டை வயலில் வேலை செய்தவன் அறிந்திருப்பான். தன் ஊர்க் கோவிலுக்குள் போக உரிமை பெற்ற ஒருவன், கொஞ்ச தூரம் நடந்து போனால் மறுபடி தீண்டத்தகாதவன்.

சென்னை மாகாணத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் சமூகத்தைச் சேர்ந்தவர்களையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தார். சனாதனிகள் அதன் பிறகு கோவிலையே புறக்கணித்தார்கள். நுழைந்தவர்களையும் நுழைய விட்டவர்களையும் பாதுகாக்க ராஜாஜி மந்திரிசபை சட்டம் கொண்டுவந்தது. ஒரு மகாராஜா கையெழுத்தில் செய்ததை மக்களாட்சிக்குப் பழகிக்கொண்டிருந்த மாகாணம் செய்ய இரண்டு வருஷம் எட்டு மாதம் கூடுதலாக ஆயிற்று. 1843இல் கிழக்கே இருந்த வெளிச்சம் 1936இல் மேற்கே இருந்தது. முற்போக்கு எந்தப் பக்கத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கற்றுக்கொள்ள பிரானூரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மகாராஜாவை இதற்காகத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அதே சமஸ்தானம், திவான் சி. பி. ராமசாமி அய்யர் காலத்தில், 1946 அக்டோபரில் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளிகளைச் சுட்டுத்தள்ளியது. 1947 ஜூன் 11ஆம் தேதி, வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் அறிவித்தார். ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள், பிழைத்துக்கொண்டார். அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். அந்த ஆறேழு வாரம் பிரானூர் ஒரு சர்வதேச எல்லையாக ஆகிவிடும் நிலையில் இருந்தது. இன்று பரோட்டா பிய்த்துப் போடுகிற இடத்தில் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள்.

மொழிவாரி மாநிலம் வந்தபோது தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு செங்கோட்டைத் தாலுகாவும் சென்னைக்குச் சேர வேண்டும் என்று கமிஷன் சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது. 2019இலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் தாலுகா முழுசாக வரவில்லை. ஆரியங்காவுக் காட்டுப் பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது. பழைய கோடு தமிழனுக்கும் தமிழனுக்கும் நடுவில் ஓடியது. புதிய கோடு வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

புளியரைப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜல்லி ஏற்றிய லாரிகள் மேற்கே ஏறிக்கொண்டிருந்தன. கடைக்காரரிடம், "இந்த மலை யாருக்குச் சேர்ந்தது?" என்றேன்.

"மலை நம்ம மலைதான் அண்ணாச்சி. காடு அவுக காடு," என்றார் அவர்.

பிறகு அவரே, எல்லையைத் தாண்டி லாட்டரிச் சீட்டு வாங்கப் போகிறவர்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னார். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்தில் அரசே நடத்துகிறது. இரண்டு சட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. ஒப்பிட இப்போது கிடைப்பது அவ்வளவுதான்.

திரும்பும்போது ரயிலில் என் பழைய கவிதை ஞாபகத்துக்கு வந்தது. அதில் சாரல் இருந்தது, மலை இருந்தது, நிரந்தரம் இருந்தது. அந்த வயலில் குனிந்து நின்ற ஒரு ஆள் இல்லை. இது என் ஒருவனுடைய குறை மட்டுமல்ல. இயற்கையைப் பார்க்கப் போன எங்கள் தலைமுறையின் கவிதையில் பெரும்பகுதி, சுங்கச்சாவடியில் நின்றுகொண்டு அகண்டத்தைப் பற்றி எழுதியது. படிமம் நன்றாகவே விழுந்தது. நிற்கிற தரை எது என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. மதுரைச் சமவெளியில் இருக்கிற எங்களுக்கு எல்லை என்பது எங்கோ இருக்கிற விஷயம் என்று நினைப்பு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திருவிதாங்கூர் மலையிலிருந்து 1886ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின் பேரில், 1895இல் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. அந்த மலை இருக்கும் பீர்மேடு 1956இல் நமக்குக் கிடைக்கவில்லை என்பதால்தான் இன்றுவரை தகராறு. ஆனால் நான் நினைத்தது அந்த எல்லையை அல்ல.

1936 நவம்பருக்கும் 1939 ஜூலைக்கும் நடுவில், பரவையிலிருந்து மதுரைக்கு நடந்தே போய்வந்தவர்கள் உண்டு. சந்தைக்குப் போனார்கள், மில்லுக்குப் போனார்கள். மீனாட்சி கோவிலின் கோபுரம் வரை எல்லோரும் போகலாம். வாசலுக்குள் சிலர் போக முடியாது. போக முடியாதவர்களுக்கு, இங்கிருந்து தெற்கே சில மணி நேர ரயில் பயணத்தில் கதவு திறந்த கோவில் ஒன்று உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்களா? எங்கள் ஊரிலும் ஒரு கோடு இருந்தது. ஊரையும் சேரியையும் பிரித்த கோடு. அதில் முத்திரை பதித்த வளைவு கிடையாது, அங்கே இறங்கு என்று எந்தக் கண்டக்டரும் கூவியதில்லை. நான் சின்ன வயதில் தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். அதைப் பற்றியும் நான் கவிதை எழுதவில்லை.